கரையில் சிரித்தபடி நின்றவர்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. ஆனைக்குட்டம் அணையில போன வருசம் நடந்த சங்கதி ஒண்ணு சொல்றேன். ஒரு டம்ளர் காப்பி ஆறுற நேரந்தான் ஆகும்.

“அண்ணாச்சி, உங்களத்தான். படகுகிட்டப் போகாதீக. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணப் போறாக.”

ருமானா பின்னாலிருந்து மூன்று முறை கத்திவிட்டாள். பட்டாசு ஆலையில் லோடு தூக்கும் ரத்தினசாமி திரும்பவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, மகள் ஓவியாவின் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கரையேறினார்.

ருமானா விருதுநகர்க்காரி. நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கான தேசியச் சம்மேளனத்தில் பயிற்சியாளர். மோட்டார் படகு கயிற்றால் இழுக்க, பலகைமேல் நின்றபடி தண்ணீரில் சறுக்கிப் போகிற விளையாட்டு அது. அந்த ஆண்டு அணை நிறைந்திருந்ததால் படகு, பலகை, இன்சூரன்ஸ் எல்லாம் சம்மேளனமே கொடுத்து, அங்கே மூன்று நாள் இலவச முகாம் போட்டிருந்தது. வந்த பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவரைத் தேசியப் பயிற்சிக்கு எடுத்து, ஓராண்டுக்குச் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு அத்தனையும் பார்த்துக்கொள்ளும். அந்த ஒருவர் யார் என்று ருமானா அன்று மாலைக்குள் எழுதித் தர வேண்டும்.

பலகையில் ஏறிவிட்டால் ஓவியாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ருமானா நிரப்ப வேண்டிய பாரத்தில் ‘பெற்றோர் ஒத்துழைப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது.

“மூணு நாளாப் பாக்கேன் மேடம்,” என்றாள் சுப்புலட்சுமி. ஆலங்குளத்திலிருந்து வந்திருக்கும் இன்னொரு பிள்ளையின் தாய். “சாப்பாட்டு வரிசையில ‘கொஞ்சம் நகருங்க அண்ணே’ன்னு சொல்லுதேன், கல்லு மாதிரி நிக்காரு. பெரிய பட்டாசுக் கம்பெனி மொதலாளின்னு நெனப்பு.”

ருமானாவுக்கும் அந்த எரிச்சல் இருந்தது. முதல் நாள் பெற்றோருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தபோது, ரத்தினசாமி முன் வரிசையில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால், இவரும் அணைப் பக்கம் திரும்பிக்கொள்வார். நேரில் கேட்டால் மட்டும், “சரிங்க டீச்சர்” என்பார்.

“திமிரு. வேற என்ன?” என்றாள் ருமானா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். “லோடு தூக்குற ஆளுக்கு இம்புட்டு ஆகாது. இந்த மனுசனுக்கு மகளாப் பொறந்ததுதான் அந்தப் பிள்ளை செஞ்ச பாவம்.”

இருபது அடி தள்ளி, இவர்களைப் பார்த்தபடி நின்ற ரத்தினசாமி மெல்லச் சிரித்தார். ஒரு கும்பிடும் போட்டார்.

“பாத்தீகளா, நாம என்ன பேசுதோம், அவரு பாட்டுக்குச் சிரிக்காரு,” என்று சுப்புலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ருமானா அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள்.

சறுக்கி முடித்து, முடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓவியா வந்து நின்றாள். “நல்லாப் பண்ணேனா, டீச்சர்?”

“ஒன்மேல ஒரு குத்தமும் இல்ல தாயி. உங்க அப்பாதான். மூணு தடவை கூப்பிட்டா ஒரு தடவையாவது திரும்பணுமா இல்லையா? தண்ணிகிட்ட, சொல்றதைக் கேக்காத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

ஓவியாவின் முகம் கறுத்தது. மகளின் முகத்தைப் பார்த்து அருகில் வரப்போன ரத்தினசாமியை நோக்கி, நெஞ்சருகே விரல்களை லேசாக அசைத்தாள். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ருமானா அதைக் கவனித்தாள். “படகுக்காரருக்குக் காட்டுற கையடையாளம் மத்த பிள்ளைகளுக்கு இன்னும் வரல. ‘வேகம் கூட்டு’, ‘குறை’, ‘நிறுத்து’, ‘எனக்கு ஒண்ணுமில்ல’. அம்புட்டையும் நீ முதல் நாளே பிடிச்சுக்கிட்ட. கையாலயே பேசுறயே, எங்கன படிச்ச?”

“வீட்டுல, டீச்சர்.”

“வீட்டுலயா? எதுக்கு?”

ஓவியா கால் விரலால் மண்ணைக் கிளறினாள். “சொன்னா என்னைய எடுக்க மாட்டீகன்னு பயந்துட்டோம். காது கேக்காத ஆளு கையெழுத்துப் போட்டா பாரம் செல்லாதுன்னு எங்க தெருவுல சொன்னாக. ரெண்டு வருசம் முன்னால ஆலையில வெடிமருந்து ரூம் வெடிச்சதுல அப்பாவுக்கு ரெண்டு காதும் போயிருச்சு. அதுல இருந்து வீட்டுல எல்லாரும் கையாலதான் பேசுவோம்.”

ருமானாவுக்கு உடம்பே கூசியது. அவசரமாக ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘முழுமையாக உண்டு’ என்று எழுதினாள். எழுதும்போதே, நல்லவேளை, நான் பேசியது எதுவும் அந்த மனுசன் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“இனிமே பின்னால நின்னு கூப்பிடாதீக, டீச்சர்,” என்றாள் ஓவியா. “அப்பாவுக்கு நேரா நின்னு பேசுங்க. எம்புட்டு மெதுவாப் பேசினாலும், எம்புட்டுத் தள்ளி நின்னாலும், வாய் அசையிறதைப் பார்த்தே ஒரு சொல் விடாமத் தெரிஞ்சுக்கிடுவாக.”

ருமானா நிமிர்ந்தாள். கரையில் ரத்தினசாமி அதே சிரிப்போடு இன்னொரு கும்பிடு போட்டார்.

அம்புட்டுத்தான் கண்ணுகளா, போய்ட்டு வாங்க. உங்க வீட்டு அடுப்பும் விளக்கும் குறையில்லாம எரியட்டும், வீட்டுல இருக்கிற ஒரு முகமும் வாடாம இருக்கட்டும்.