கடுகு அக்காவின் அடுப்பு

"என் அடுப்புல உங்களுக்கு என்ன வேலை?"

தூங்கி எழுந்த வாயோடு நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

சரியாகச் சொன்னால், தூங்கவில்லை. எண்ணெய் வடிக்க வெட்டிவேர் வெந்துகொண்டிருந்த கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்தேன். தூளியில் போட்டேன். சுவரில் ஒரு நிமிஷம் சாய்ந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்குள் வெயில் எப்படி மேற்கு ஜன்னலுக்குப் போனது என்பது வேறு விஷயம்.

கையில் விறகோடு என் அடுப்பின் முன்னால் நின்றாள் கடுகு அக்கா. எதைச் சொன்னாலும் படபடவென்று பொரிவதால் அந்தப் பேர்.

"உன் அடுப்பென்ன அரண்மனையா, கேட்டுக்கிட்டு வர?"

"உங்க அடுப்பு அணைஞ்சு சாம்பலாக் கிடக்கு. என் விறகை உருவத்தானே வந்தீங்க?"

"ஆமாடி. உன் நாலு விறகை உருவித்தான் நான் மாளிகை கட்டப்போறேன்."

விறகைப் பொத்தென்று போட்டுவிட்டு, காலை அகட்டி அகட்டி வைத்துக் கொட்டகையின் மறுகோடிக்குப் போனாள். நடையைப் பார், திமிர்!

நான் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. என் பிரசவத்தின்போது என் கொப்பரையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். நான் திரும்பி வந்தபோது ஆள் இரண்டு, வேலை ஒன்று. மேஸ்திரி அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். மூலையில் கிடந்த இன்னொரு கொப்பரையைத் தூசி தட்டினார். ஒரே வயலில் பிடுங்கிய வேர், ஒரே நாள், ஆளுக்கு ஒரு கொப்பரை. எவள் வடித்த எண்ணெய் ஆய்வகத்தில் தேறுகிறதோ, அவளுக்கு வேலை. மற்றவள் வேர் கழுவும் தொட்டிக்குப் போக வேண்டும். நாள் முழுக்க முழங்கால் சேறு.

கைக்குழந்தைக்காரி சேற்றில் நின்றால் விளங்குமா?

நேராக மேஸ்திரியிடம் ஓடினேன்.

"அண்ணே, கடுகு அக்கா என் அடுப்பை அணைக்கப் பார்த்தாங்க. நான் கண்கொத்திப் பாம்பா உட்கார்ந்திருந்ததால தப்பிச்சுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாம்பு சரி தாயே, கன்னமெல்லாம் சுவத்துச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கே?"

மறுநாள் எல்லோரும் ஆய்வகத்தில் நின்றோம். எண்ணெயைச் சோதிக்கிற மேடம் என் புட்டியிலிருந்து துளி எண்ணெயை ஊசியில் எடுத்து, வாசனைகளைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்துக்குள் ஏற்றினார். சற்று நேரத்தில் திரையில் ஒரு கோடு மேடும் பள்ளமுமாக ஓட ஆரம்பித்தது.

"இது யாருது?"

"என்னுதுதான் மேடம்!"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. வெட்டிவேர்ல கனமான வாசனையெல்லாம் கடைசியிலதான் இறங்கும். ஆவி விட்டுவிட்டு வந்தா இறங்காது. இந்தக் கடைசி மேடுகளைப் பாருங்க, எப்படி நிமிர்ந்து நிக்குது! மத்தியானத்துக்கு மேல இடத்தை விட்டு நகரவே இல்ல போலிருக்கே?"

"நகரவே இல்ல மேடம்."

பொய்யா சொன்னேன்? சுவரை விட்டு நான் எங்கே நகர்ந்தேன்?

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் என்றைக்கு நிறுத்தியது?

"விறகு அடுக்குறதுக்கே ஒரு கை வேணும் மேடம். நான் அடுக்கினா சாயங்காலம் வரைக்கும் அதுபாட்டுக்கு எரியும்."

மேஸ்திரி அண்ணனுக்கு ஏனோ இருமல் வந்தது.

அடுத்து அக்காவின் எண்ணெய். கோடு முதலில் நன்றாகத்தான் ஏறி இறங்கியது. கடைசியில் மேடே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

"இதுல பாதியிலேயே தீ படுத்திருக்கு," என்றார் மேடம்.

"அடுத்தவ அடுப்பை வேவு பார்த்தா அப்படித்தான்," என்று முணுமுணுத்தேன். முணுமுணுப்புதான். என்ன, வாசல்வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்கா பொரிவாள் என்று காத்திருந்தேன். பொரியவில்லை. வெளியே போய்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தொட்டியை நோக்கி நடந்தாள்.

ஜெயித்தவளுக்கு வீட்டுக்குப் போகத் தெரியாதா? எனக்குத் தெரியவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"என்னக்கா, கோபமா?"

அதற்குள் பாப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவளிடம் தாவியது. புது ஆளைக் கண்டாலே வீறிடுகிற பிள்ளை!

அக்கா பாப்பாவின் கன்னத்தை மெல்லக் கிள்ளினாள்.

"கோபமென்னடி கோபம். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இவ தூளியில எல்லாம் தூங்க மாட்டா. காலை நீட்டி, கால்மேல போட்டு ஆட்டணும். நேத்து நீ போட்ட அஞ்சாவது நிமிஷமே சிணுங்கினா."

"நேத்தா? நான் பக்கத்துலயேதானே..."

"இருந்தே, இருந்தே. வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தே. ராத்திரியெல்லாம் முழிச்ச முகம், எழுப்ப மனசு வரல. அங்கேயே உட்கார்ந்து இவளைக் கால்ல போட்டுக்கிட்டேன். நல்லா அசந்தப்புறம் தூளியில விட்டுட்டு, மரத்த காலோட எழுந்தப்பதான் நீ முழிச்சே. அதுக்கு முன்னாடி எழுந்திருந்தா இவ முழிச்சிருப்பா. உட்கார்ந்த இடத்துலேருந்து உன் அடுப்பு கைக்கு எட்டிச்சு. என் அடுப்பு எட்டல."

சொல்லிவிட்டுச் சேற்றுக்குள் ஒரு காலை வைத்தாள்.

எனக்கு ஓடத்தான் தெரிந்தது. மூச்சு வாங்க ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது மேடம் நல்ல புட்டியில் என் பேரை எழுதிக்கொண்டிருந்தார்.

"அழிச்சிடுங்க மேடம். ரெண்டு எண்ணெயையும் வடிச்சது கடுகு அக்காதான். என் பங்குக்கு வடிஞ்சது, கடைவாயோரம் எச்சில் மட்டும்தான்."