தந்தை பெயர்

பிறப்புப் பதிவு மையத்தின் ஏழாம் எண் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் எழுபது நிறைந்த திருவேங்கடம், மடியில் பழப்பையோடு. மேசைக்குப் பின்னால் பதிவுகளைத் தேடித் தரும் எழுத்தர் மாதங்கி. சுவரோர பெஞ்சில், விசாரணைக்கு வரவழைக்கப்பட்ட அவள் அம்மா செண்பகவல்லி.

எழுபது வயதானவர்கள் சென்னையில் தொடர்ந்து குடியிருக்க, இந்த நகரத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் பதிவில் தங்கள் பெயர் இருப்பதைக் காட்டவேண்டும். திருவேங்கடத்துக்கு வெள்ளிக்கிழமைவரைதான் கெடு.

“நான்தாம்மா உன் அப்பா. கொஞ்சம் தேடிப் பாரு.”

“பாத்துடலாம் சார்,” என்றாள் மாதங்கி.

வருடம், மண்டலம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தன் பதிவையே யாரோ ஒருத்தியுடையதைப்போல் தேடி எடுத்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். தந்தை பெயர்: தெரிவிக்கப்படவில்லை.

அவர் மேசைமேலிருந்த பேனாவை எடுத்து பெஞ்சுப் பக்கம் நீட்டினார். “இப்ப சேத்துடலாமே. செண்பகம், நீ சம்மதிச்சாப் போதும். ஒரே ஒரு கையெழுத்துதானே?”

செண்பகவல்லி பேனாவைத் தொடவில்லை. “அன்னிக்குப் பிரசவ வார்டு வாசல்ல நானும் ஒரே ஒரு கையெழுத்துதாங்க கேட்டேன். பிள்ளை முகத்தைக்கூடப் பாக்காம படியிறங்கிப் போனீங்க.”

இத்தனை வருடம் மனத்துக்குள் எழுதி எழுதிக் கிழித்த வசவுக் கடிதம் எதுவும் மாதங்கிக்குத் தேவைப்படவில்லை. பதிவின் உண்மை நகலை உறையிலிட்டாள். குடியிருப்பு அலுவலகத்தின் முகவரியை நிதானமாக எழுதி, ஓரம் பிசகாமல் ஒட்டி, முத்திரை குத்தினாள்.

“பழத்தை எடுத்துக்கிட்டுப் போங்க சார். ஊருக்கு வெளியில கெடைக்குமோ என்னவோ.”

அறை மூலையிலிருந்த தபால் பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் அவர் காதிலும் விழுந்தது.