சீறல்

காற்றழுத்தத் துப்பாக்கியால் சாயக் குண்டுகளைச் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் மைதானத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் இருதயசாமிக்குக் கொஞ்ச நாளாக ஒரு பெருமை இருந்தது. புது ரப்பர் வளையங்களைப் போட்ட பிறகு காற்றுக் குழாயின் எந்த இணைப்பிலும் சீறல் கேட்பதில்லை. முன்பெல்லாம் காதருகே கொண்டுபோனாலே கசிவு எங்கே என்று சொல்லிவிடுவான்.

அன்று காலை டிக்கெட் கொடுக்கும் பர்வீன் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, இது புஸ்ஸுனு சீறிக்கிட்டே இருக்கு. பாதி ஆட்டத்துலயே காத்து தீந்துடுச்சாம்."

அவன் காதில் வைத்துப் பார்த்தான். "ஒண்ணும் இல்லையேம்மா."

"இங்க நிக்கிற எனக்கே கேக்குதேண்ணே!"

சிரித்துக்கொண்டே இணைப்பின்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினான். குமிழிகள் கொத்துக்கொத்தாகப் பொங்கின. அவனுக்கு மட்டும் சத்தமே இல்லை.

அவள் போனதும், சரியாகிவிட்டதென்று மாட்டிவைத்திருந்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். நான்கில் நுரைத்தது. ஸ்பானரைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

குழந்தையைப் பறிகொடுத்ததிலிருந்து இரவெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து விசும்பிக்கொண்டிருந்த மனைவி ஜெசிந்தா, இப்போதுதான் சத்தமில்லாமல் தேறிவிட்டாள் என்று அவனும் கொஞ்ச நாளாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.