காற்றுப் படாத இடம்

குளியலறைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குளிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

மிலான் கதவில் காதை வைத்துக் கேட்டான்.

கேஸ் ஹீட்டர் 'பர்ர்' என்று எரிகிறது. வாளி நிரம்பி வழிகிறது. கோப்பையால் அள்ளி ஊற்றும் ஓசை மட்டும் இல்லை.

"ஜெரோமி!"

இன்னொரு முறை கூப்பிட்டான்.

அந்த ஹீட்டரை ஆசையாக வாங்கிச் சுவரில் பூட்டவைத்தவன் அவன்தான். பிரசவமாகி வீட்டுக்கு வந்திருக்கும் மனைவி ஜெரோமி, இந்த லிந்துலை மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தொடலாமா?

அதைப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக் கிஷாந்த் போகிறபோது கறாராகச் சொல்லிவிட்டுப் போனான். புகைக் குழாயைப் பின்சுவர் வழியாக வெளியே விட்டிருக்கிறது. பக்கச் சுவரில் ஓர் ஓட்டை போட்டிருக்கிறது. அதை எந்தக் காலத்திலும் அடைக்கக் கூடாது. நல்ல காற்று இல்லாமல் எரிந்தால் விஷப்புகை கிளம்பும். அதற்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரிதான் வரும்.

அன்றைக்கே வட்டகொடையிலிருந்து அக்கா அந்தோனியம்மா வந்து இறங்கினாள், பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள. குளியலறைக்குள் போனவள் ஓட்டையைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"அடப்பாவி, பச்ச ஒடம்புக்காரி குளிக்கிற எடத்துல ஓட்டய போட்டு வச்சிருக்கியே! காத்து பட்டா ஜன்னி கண்டுரும்டா!"

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பழைய படங்கு ஒன்றை மடித்து ஓட்டைக்குள் திணித்தாள்.

அவன் பிடுங்கினான். அவள் திணித்தாள். வேலைக்குப் போகுமுன் பிடுங்கிவிட்டுப் போவான். திரும்பி வந்து பார்த்தால் படங்கு மறுபடியும் அங்கேயே இருக்கும்.

விளக்கிச் சொல்லப் போனால், "நான் எத்தன புள்ளப்பேறு பாத்தவ. நீ ஹோட்டல்ல பெட்ஷீட் விரிக்கிறவன். சும்மா இரு" என்பாள்.

நேற்று அவன் நிஜமாகவே கத்திவிட்டான். இனி ஓட்டையில் கை வைத்தால் ஹீட்டரைக் கழற்றி ஆற்றில் வீசிவிடுவேன் என்றான். அக்கா வாயைத் திறக்கவில்லை.

அக்கா பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டுக் குளியலறை வாசலிலேயே காவல் நிற்கிறான்.

"ஜெரோமி! வாயத் தெறந்து எதையாவது சொல்லு!"

தட்டினான். இடித்தான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். தாழ்ப்பாள் ஆடியதே தவிர விட்டுக்கொடுக்கவில்லை.

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, கல்யாணம் கட்டுன புதுசு மாதிரி கதவ தட்டுற?"

"ஓட்டய அடச்சியாக்கா? சத்தியமா சொல்லு!"

"அந்தோனியார் மேல சத்தியம். இன்னைக்கி அந்த ஓட்டப் பக்கமே நான் போகல."

அவன் நம்பவில்லை. வெளியே பாய்ந்து பக்கச் சுவருக்கு ஓடினான்.

ஓட்டை திறந்துதான் கிடந்தது. அதில் வாயை வைத்துக் கத்தினான்.

"ஜெரோமீ!"

"ஐயோ, உயிரோடதான் இருக்கேன்!" உள்ளேயிருந்து சலிப்போடு குரல் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் சண்ட புடிக்காத எடம் இந்த வீட்டுல இது ஒன்னுதான். கொஞ்ச நேரம் சும்மா உக்கார விடுங்களேன்."

மிலான் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

"கேட்டுக்கிட்டியா? ஒன் பொண்டாட்டி, ஒன் ஓட்ட. நீயே பாத்துக்க. ஆனா என் மருமகன, அந்தப் பச்சப்புள்ளய, நான் குளிர்ல போட மாட்டேன்."

"அவன் வீட்டுக்குள்ள தூங்குறானா?"

"உள்ளயா? அது ஐஸ்பெட்டி மாதிரி கெடக்கு." அக்காவின் முகத்தில் பெருமை பொங்கியது. "பின்னால வெறகு கொட்டில்ல தூளி கட்டியிருக்கேன். ஒன் மெஷின் கொழாய் அங்கதானே சூடா ஊதுது. நாலு பக்கமும் சாக்கு கட்டி அடச்சாச்சு. ஒரு பொட்டு காத்து நொழையாது. இத்தன நாளும் அழுத புள்ள, இன்னைக்கித்தான் அசந்து தூங்குறான்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஹீட்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ஜெரோமி, பைப்ப மூடு! ஹீட்டர் நிக்கட்டும்!"

கத்திக்கொண்டே மிலான் சுவரைச் சுற்றி ஓடினான். சாக்கைப் பிடித்து இழுத்த இழுப்பில் கொட்டிலின் கம்பு ஒன்றும் சேர்ந்து வந்தது. உள்ளிருந்த வெக்கை முகத்தில் அடித்தது. தூளிக்குள் கையை விட்டுப் பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பனி இறங்கும் தேயிலை மலையை நோக்கி அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்தான்.

தலை அவன் கைக்குள் துவண்டு கிடந்தது.

"கண்ணு... டேய் கண்ணு..."

மலையிலிருந்து காற்று ஒருமுறை வீசியது. இன்னொரு முறை வீசியது.

மெல்லப் பிள்ளையின் மூக்கு சுருங்கியது. ஒரு சிணுங்கல். பிறகு, கீழ் லயத்து வீடுகள்வரை கேட்கும்படி வீறிட்டான்.

மிலான் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பாத்தியாடா பாவி! காத்து பட்டதுமே அழுவுறான்!"