வெள்ளச்சியின் சேலை

"என் பொண்ணுக்கு ஜமீன்தாரம்மா வேஷம் குடுங்கன்னு எவ்வளவு கேட்டேன், டீச்சர்!" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் ரத்தினவேல். "அந்தக் கிணத்துக் காட்சியே எதுக்கு? இப்ப யாரு சாதியெல்லாம் பாக்குறா?"

அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வேலையாட்களுக்கென்று தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பதைப் பரிமளா பார்த்திருக்கிறாள்.

"சீட்டுக் குலுக்கித்தான் வேஷம், சார். யாழிசைக்கு வெள்ளச்சி விழுந்துச்சு" என்றாள். ஊர் வரலாற்று நாளில் அவள் யாருக்காகவும் சீட்டை மாற்றியதில்லை.

முன்பு வாழ்ந்த ஒருவரின் நினைவைப் பதித்து நெய்த ஞாபக உடையை உடுத்திக்கொண்டால், நாடகம் முடியும்வரை அந்த ஆளின் தாகமும் பயமும் உடம்பை விட்டு இறங்காது. வெள்ளச்சி, ஊர்க்கிணற்றைத் தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட தெருக்காரி. யாராவது இறைத்து ஊற்றமாட்டார்களா என்று நாளெல்லாம் வெயிலில் நின்றவள்.

மைதானத்தில் அட்டைக் கிணற்றுக்கு எட்டியே, வெள்ளச்சியின் சேலையில் யாழிசை நின்றாள். குடம் சுமந்த பிள்ளைகள் அவளைப் பார்க்காமல் கடந்து போனார்கள். அவள் உதடுகள் காய்ந்துவிட்டன.

"பிள்ளை துவண்டு போறா. நிறுத்துங்க டீச்சர்!" என்று கத்தினார் ரத்தினவேல்.

பரிமளாவின் விரல் உடையை நிறுத்தும் பொத்தான்வரை போனது. ஆனாலும் அதைத் தொடவில்லை.

"அன்னைக்கு யாரும் நிறுத்தலையே, சார்."

ரத்தினவேல் ஓடிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலை மகளிடம் நீட்டினார். யாழிசை பதறிப் பின்வாங்கினாள். பிறகு குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு, அப்பாவை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"மேலே படாம ஊத்துங்க, சாமி."