மல்லாட்டை உருண்டைக்கு ஒரு முகம்

“சிரிக்க வச்சிட்டீங்களே சார். அவரு சிரிக்கக் கூடாது.”

ரஞ்சனி லேபிளை மேசைமேல் வைத்தாள். இராமச்சந்திரனுக்கு மண்டை காய்ந்தது.

சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பல வருஷம் மேனேஜராகக் குப்பை கொட்டியவர் அவர். ஆட்குறைப்பில் வெளியே வந்து, சொந்த ஊரான செஞ்சியில் ‘பிராண்டிங்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர்களைக் கூட்டிவைத்துத் தலைமைப் பண்பு வகுப்பெல்லாம் எடுத்தார். கை தட்டினார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள்.

வேலை என்று கொடுத்தவள் ரஞ்சனி ஒருத்திதான். வல்லத்தில் ஷெட் போட்டு, நாலைந்து பெண்களை வைத்து மல்லாட்டை உருண்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை, பிடித்து விற்கிறாள். சென்னையில் ஒரு பெரிய கடை, நல்ல லேபிளோடு வந்தால் சரக்கை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் லேபிள் போயாக வேண்டும். போகாவிட்டால் அவளுக்கு ஆர்டர் போச்சு. இவர் மாட்டிய போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

சிக்கல், பழைய லேபிளில் இருந்த ஒரு ஆள். தடித்த கண்ணாடி, மழிக்காத தாடை, பந்தியில் இலை கிடைக்காத சம்பந்தி மாதிரி ஒரு முறைப்பு. தின்பண்டத்துக்கு இப்படி ஒரு மூஞ்சியா?

முதலில் அதைத் தூக்கிவிட்டு ரஞ்சனியின் படத்தைப் போட்டார். ஆகாது என்றாள். கோட்டையைப் போட்டார். அதுவும் ஆகாது. சரி, அந்த ஆளே இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் லேசாகச் சிரிக்க வைத்தார். அதற்குத்தான் இந்தத் திட்டு.

“யாரும்மா இவரு? உங்க நைனாவா?”

“இல்ல சார்.”

“மாமனாரு?”

“அவரும் இல்ல.”

“பணம் போட்டவரா?”

“அவரு எங்க போட்டாரு? ஆனா அவரு இல்லன்னா இந்த யாவாரமே இல்ல சார்.”

“அப்ப யாருதான்?”

அதற்குள் அவளுடைய போன் அடித்தது. “வண்டி வந்துட்டுதாம். மொறைக்கிற மாதிரியே போட்டுடுங்க சார்” என்றபடி படி இறங்கிவிட்டாள்.

இராமச்சந்திரனின் மனசு போகக்கூடாத பக்கமெல்லாம் போயிற்று. புருஷன் சேரன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, எவனோ ஒருத்தன் படத்தைப் பாக்கெட் பாக்கெட்டாக ஒட்டி விற்பாளா ஒரு பெண்? நெருப்பில்லாமல் புகையுமா?

வியாழக்கிழமை பஸ் பிடித்து வல்லத்துக்கே போய்விட்டார்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் தூக்கிவாரிப்போட்டது. அதே ஆள், ஆளுயரத்துக்குச் சுவரில் முறைத்துக்கொண்டிருந்தார். படத்தின் கண்ணாடியைத் துண்டால் பக்தியாகத் துடைத்துக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, சேரனேதான்.

“இவரு உனக்கு என்ன உறவுப்பா?” என்றார் மெதுவாக.

“உறவா? நல்லா கேட்டீங்க. இவரு நேர்ல வந்தார்னா நான் பின்வாசல் வழியா எகிறிடுவேன் சார்.”

எகிறுகிறவன் எதற்குத் துடைக்கிறான்? இராமச்சந்திரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கே வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி, முறத்தில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்த பூங்குழலியைப் பார்த்தார்.

“நல்ல மனுஷன்தான் சார்” என்றாள் அவள். “ஆனா கை கொஞ்சம் அசந்தா போதும், சொவத்துலருந்து ‘இன்னாடி பண்ற’ன்னு கேக்கற மாதிரியே இருக்குது.”

தலை இன்னும் சுற்றியது. ஒரு வகுப்பு எடுத்தால்தான் சரிப்படும் என்று ரஞ்சனியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இத பாரும்மா. தலைமைன்னா முன்னாடி வந்து நிக்கணும். மொதலாளி மொகந்தான் பிராண்டு. உன் உழைப்புக்கு எவனோ ஒருத்தன் மூஞ்சியா? ஊரு வாய்க்கு மூடி போட முடியாது.”

“என் மூஞ்சிய மாட்டி வச்சா சார், நாம பண்றதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு தோணிடும்.”

“இந்த ஆளைப் பாத்தா?”

“பயமா இருக்குது.”

“பயப்பட ஒரு ஆளை லேபிள்ல போடுவியா?” அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. “யாருன்னே தெரியாம நான் எப்படிம்மா அச்சுக்கு அனுப்புவேன்? அவருக்கு இது தெரியுமா?”

“தெரியும் சார். அவலூர்பேட்டையில டைலர் கடை வச்சிருக்காரு. சம்மதம் கேட்டுத்தான் போட்டோம். ‘போட்டுக்க, ஆனா மறுபடியும் என்னை வர வைக்காத’ன்னாரு.”

“மறுபடியுமா? மொதல்ல எதுக்கு வந்தாரு?”

ரஞ்சனி பூங்குழலியின் முறத்திலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து, வாயில் போட்டு மென்று பார்த்தாள். அப்புறம்தான் பதில் சொன்னாள்.

“நாங்க வித்த மொத பாக்கெட்டு சார், மல்லாட்டை காறிப் போயிருந்தது. ஊரெல்லாம் வாங்கித் தின்னுட்டு, பாவம் பொம்பளப் புள்ளன்னு நல்லா இருக்குதுன்னே சொல்லிட்டாங்க. ஒருத்தரு மட்டும் பஸ் ஏறி வந்து அதை என் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சாரு பாருங்க, அவருதான் சார் இவரு.”