கறுப்புப் பூசிய சக்கரம்

புதுச் சக்கரத்தைச் சைக்கிள் கடைக்காரன் தீனதயாளன் கொடுத்ததும் சித்ராதேவி அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பார்த்தாள்.

பனியன் கம்பெனியில் காலமெல்லாம் செக்கிங் பார்த்த கை. துணியை இரண்டு விரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்லிவிடும். போன தடவை வாங்கிய முன்சக்கரத்தைவிட இந்தப் பின்சக்கரம் இன்னும் லேசு என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

விலையைக் கேட்டதும் வழக்கமான சண்டை ஆரம்பித்தது.

பனியன் துணியில் கனம் குறைந்தால் நூல் மிச்சம். நூல் மிச்சமானால் விலையும் இறங்கும். பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரிந்த கணக்கு. இங்கே மட்டும் சாமான் குறையக் குறைய விலை ஏறுகிறதே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள்.

அவனுக்கு இந்தப் பாட்டு மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் பாடுவாள். பாடி முடித்துவிட்டு வாங்கிக்கொண்டும் போவாள்.

ஆனால் தீனதயாளன் மனசாட்சிக்காரன். விற்றால் சரி என்று வாயை மூடிக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. இதெல்லாம் மலையேறிப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு ஆகிற சாமான், டீக்கடை வரை உருட்டிக்கொண்டு போகிற ஞானசம்பந்தம் அண்ணனுக்கு இது தண்டம் என்று இன்றைக்கும் எடுத்துச் சொன்னான். ஹேண்டில் பார், சீட்டுத் தண்டு, பெடல், கேரியர், முன்சக்கரம் என்று ஒவ்வொன்றாக மாற்றியதற்குப் புதுச் சைக்கிளே வாங்கியிருக்கலாம் என்றான்.

சித்ராதேவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கவலையெல்லாம் ஒன்றுதான். சாமான் மாறியது அவள் வீட்டுக்காரர் ஞானசம்பந்தத்துக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

ரிம்முக்குக் கறுப்புப் பூசச் சொன்னாள். கம்பிகளின் பளபளப்பை மங்க வைக்கச் சொன்னாள். டயர் பழசே இருக்கட்டும் என்றாள். பஞ்சர் என்று பொய் சொல்லித்தான் சைக்கிளை எடுத்து வந்திருந்தாள்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் தீனதயாளன் பெயிண்ட் டப்பாவைத் திறந்தான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் சாமளாபுரத்திலிருந்து திருப்பூர் வரை அவளைப் பின்னால் வைத்து மிதித்த சைக்கிள். ரயில்வே கேட் சாத்தியிருந்தால் ஊரே காத்துக் கிடக்கும். இவர் மட்டும் சைக்கிளை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் அவளைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுவார். கம்பெனிப் பெண்கள் பின்னால் நின்று சிரிப்பார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். பெருமையும் தாங்காது.



செக்கிங்கில் இருந்தபோது, கனம் குறைந்த துணியை விறைப்பேற்றி நல்ல சரக்கு என்று தள்ளப் பார்த்தவர்களை அவள் லேசில் விட்டதில்லை. ஏமாற்று வேலை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். இன்றைக்குக் கட்டிய புருஷனிடமே அந்த வேலையைச் செய்கிறோமே என்று மனசு குத்தத்தான் செய்தது. குத்தினாலும், பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் அடுப்படி ஜன்னலில் நின்றாள்.

அவர்கள் குடியிருக்கும் மண்ணரையில் ரோட்டின்மேல் ரோடு போட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. சைக்கிளைப் படியில் தூக்கி ஏற்றினால்தான் தெருவைப் பார்க்கலாம். தான் வீட்டில் இருக்கும்போது அப்படித் தூக்கி ஏற்ற வேறு யாரையும் ஞானசம்பந்தம் விடமாட்டார்.

அவர் குனிந்து பிடித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவளுக்கு அணைக்கத் தோன்றவில்லை.

ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு படியேறித் தெருவில் வைத்தார். திரும்பி ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா சித்ரா? மாசத்துக்கு மாசம் கை வலு கொறைஞ்சுட்டே போகும்னு அந்த டாக்டர் சொன்னாரு. ரெண்டு வருசமாச்சு. எனக்கு அன்னைக்குத் தூக்குன அதே கனந்தான் இருக்குது.”

“ஆமாங்க” என்றாள் சித்ராதேவி.

இனி அந்தச் சைக்கிளில் மாற்றுவதற்கு பிரேம் ஒன்றுதான் மிச்சம்.